முதல் பயாப்சியில் ஒன்றுமில்லை, எம்.ஆர்.ஐ.யில் ஏதோ தெரிகிறது: ஃபியூஷன் பயாப்சி பற்றி அறிந்தவர்கள் சொல்லுங்கள்

காவிரிக்கரை
அப்பாவுக்கு வயது 66. ஓய்வுபெற்ற கணித ஆசிரியர். ஒன்றரை ஆண்டுக்கு முன்பு, புராஸ்டேட் (ஆண்களுக்குச் சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கும் சுரப்பி) பற்றி அறியச் செய்யும் பி.எஸ்.ஏ. இரத்தப் பரிசோதனையில் 7.2 என்று வந்தது, இயல்பைவிட அதிகம் என்றார்கள். ஆசனவாய் வழியாக அல்ட்ராசவுண்ட் கருவியை வைத்து புராஸ்டேட்டில் 12 இடங்களில் ஊசி போட்டுச் சதை எடுத்தார்கள். 12 துண்டுகளிலும் புற்று இல்லை. அந்த வாரமே குடும்பத்தோடு சமயபுரம் போய் வந்தோம்.

இப்போது பி.எஸ்.ஏ. 10.4. எம்.ஆர்.ஐ. எடுத்ததில் "புராஸ்டேட்டின் முன்பகுதியில் 11 மி.மீ. அளவில் சந்தேகத்துக்குரிய இடம், பைராட்ஸ் 4" என்று அறிக்கை வந்திருக்கிறது. மறுபடியும் பயாப்சி செய்ய வேண்டுமாம். ஒரு மருத்துவமனையில், எம்.ஆர்.ஐ. படத்தையும் அல்ட்ராசவுண்ட் படத்தையும் ஒன்றாக்கும் கருவி இருக்கிறது, அதை வைத்துக் குறிபார்த்து எடுப்போம் என்கிறார்கள். கட்டணம் ஏறக்குறைய இருமடங்கு. இன்னொரு மருத்துவர், கருவி வேண்டாம், எம்.ஆர்.ஐ.யைப் பார்த்துவிட்டு நானே அந்த இடத்தில் எடுத்துவிடுவேன் என்கிறார்.

அப்பா கேட்கும் கேள்வியை அப்படியே எழுதுகிறேன்: "இரண்டு கருவிகளும் ஒரே உறுப்பைத்தானே பார்க்கின்றன? ஒன்றில் தெரிவது இன்னொன்றில் ஏன் தெரியவில்லை?" எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

கதிர்ப்படம்
சகோதரி, நான் 22 ஆண்டுகளாக ஸ்கேன் அறையில் வேலை செய்கிறேன். மருத்துவர் அல்ல, டெக்னீஷியன். அப்பாவின் கேள்வி மிக நல்ல கேள்வி.

அல்ட்ராசவுண்ட் ஒலியை அனுப்பி, திரும்பி வரும் எதிரொலியைப் படமாக்குகிறது. புராஸ்டேட்டின் ஓரம், சிறுநீர்ப்பை, உள்ளே போகும் ஊசி எல்லாம் அதில் தெளிவாகத் தெரியும். ஆனால் புற்றுத் திசுவும் பக்கத்தில் இருக்கும் நல்ல திசுவும் பல நேரங்களில் ஒரேமாதிரி எதிரொலிக்கும். எனவே கட்டி இருந்தாலும் சாம்பல் நிறத்துக்குள் சாம்பலாக மறைந்துவிடும்.

எம்.ஆர்.ஐ. பார்ப்பது வேறு. அது உடலில் உள்ள நீரின் நடத்தையைப் பார்க்கிறது. புற்றுச் செல்கள் நெருக்கியடித்துக்கொண்டு இருப்பதால் அவற்றுக்கிடையே நீர் மூலக்கூறுகள் தாராளமாக நகர முடியாது. 'டிஃப்யூஷன்' என்ற வகைப் படத்தில் அந்த இடம் தனித்துத் தெரியும். கூடவே 'டி2' என்ற வகைப் படத்தில் சுரப்பியின் உள்ளமைப்பு தெளிவாக இருக்கும். இரண்டையும், தேவையானால் கான்ட்ராஸ்ட் மருந்து செலுத்தி எடுத்த படத்தையும் வைத்துத்தான் 1 முதல் 5 வரை பைராட்ஸ் எண் கொடுக்கிறார்கள். 4 என்றால் கவனிக்கத்தக்க புற்று இருக்க வாய்ப்பு அதிகம் என்று பொருள். உறுதி என்று பொருள் இல்லை.

அப்படியானால் எம்.ஆர்.ஐ. அறைக்குள்ளேயே ஊசி போடலாமே என்று அடுத்து கேட்பார். போடலாம், சில இடங்களில் போடுகிறார்கள். ஆனால் அது பெரிய காந்தம். சாதாரண எஃகு ஊசியை உள்ளே கொண்டுபோக முடியாது, அதற்கென்று செய்த ஊசி வேண்டும். குழாய் குறுகலானது, நேரமும் மிக அதிகம் பிடிக்கும். அல்ட்ராசவுண்டோ கையில் பிடிக்கும் கருவி. ஊசி போவதை அந்தக் கணமே காட்டும். கட்டியைக் காட்டும் படத்தில் ஊசி போட வசதியில்லை, ஊசியைக் காட்டும் படத்தில் கட்டி தெரிவதில்லை. இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்று பொருத்தினால் கட்டியின் இடத்தைப் பார்த்துக்கொண்டே ஊசி போடலாம். ஃபியூஷன் என்பது இதுதான்.

முதல் முறை ஏன் தப்பியது என்பதும் உங்கள் அறிக்கையிலேயே இருக்கிறது. "முன்பகுதி." ஆசனவாய் வழியாகப் போகும் ஊசி புராஸ்டேட்டின் பின்புறத்தில்தான் முதலில் நுழையும். அந்த 12 இடங்களும் சந்தேகத்தை வைத்துத் தேர்ந்தெடுத்தவை அல்ல, சுரப்பியைக் கட்டம் கட்டமாகப் பிரித்து எடுப்பவை. முன்பக்கம் ஒளிந்திருக்கும் கட்டிக்கு அந்த ஊசிகள் எட்டாமல் போவது அடிக்கடி நடக்கிறது. முதல் மருத்துவர் தவறு செய்தார் என்று உடனே எண்ண வேண்டாம்.

தெற்குவாசல்
எல்லாம் சரி. ஆனால் இருமடங்கு கட்டணம் என்பதைப் படித்ததும் எனக்குக் கோபம்தான் வருகிறது. என் மாமாவுக்கு ஒரு மருத்துவமனையில் புதுக் கருவி, புதுக் கருவி என்று சொல்லியே மூன்று பரிசோதனைகள் செய்தார்கள். கடைசியில் சாதாரண முறையில்தான் நோயைக் கண்டுபிடித்தார்கள். வாங்கிய கருவிக்குக் கடன் கட்ட வேண்டுமே! நாற்பது ஆண்டுகளாகக் கருவி இல்லாமல் பயாப்சி செய்யவில்லையா?

வன்னிமரம்
நான் லண்டனில் தாதியாக இருக்கிறேன். பயாப்சி கிளினிக்கில் ஏழு வருடங்கள் வேலை செய்தேன். தெற்குவாசல் ஐயாவின் கோபம் எனக்கு விளங்குகிறது. ஆனால் "கருவி இல்லாமல் செய்யவில்லையா" என்ற கேள்விக்கு இங்கேயே பதில் கிடைத்திருக்கிறது.

2017இல் பிரித்தானியாவில் புரோமிஸ் என்ற ஆய்வு வெளிவந்தது. 576 ஆண்கள். ஒவ்வொருவருக்கும் எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள், பழைய முறைப் பயாப்சியும் செய்தார்கள். அதோடு, உண்மை எது என்று அறிய மயக்க மருந்து கொடுத்து 5 மி.மீ. இடைவெளியில் சுரப்பி முழுவதிலும் ஊசி போட்டுத் திசு எடுத்தார்கள். முக்கியமான புற்று உண்மையில் இருந்தவர்களில் பழைய முறை கண்டுபிடித்தது 48 சதவீதம் பேரை மட்டும். எம்.ஆர்.ஐ. சந்தேகம் காட்டியது 93 சதவீதம் பேரில். அதாவது பாதிக்கு மேற்பட்டவர்களிடம் பழைய முறை "ஒன்றுமில்லை" அல்லது "சிறியதுதான்" என்று சொல்லி அனுப்பியிருக்கும். அந்த எண்ணை முதன்முதலில் கேட்டபோது, எங்கள் கிளினிக்கில் இருந்து மகிழ்ச்சியோடு வீட்டுக்குப் போன முகங்கள் எல்லாம் எனக்கு நினைவுக்கு வந்தன.

காவிரிக்கரை, உங்கள் அப்பாவிடம் ஒன்று கேட்டுப் பாருங்கள்: இடுப்பு மாற்று அறுவைச் சிகிச்சை செய்திருக்கிறாரா? இடுப்பில் உலோகம் இருந்தால் எம்.ஆர்.ஐ. படம் அந்தப் பகுதியில் நெளிந்துவிடும். நெளிந்த படத்தை எதனோடு பொருத்தினாலும் சரிவராது. இரத்தம் உறையாமல் இருக்க ஏதாவது மாத்திரை எடுக்கிறாரா என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

காவிரிக்கரை
இடுப்பில் ஒன்றும் இல்லை அக்கா. ஆஸ்பிரின் மட்டும் சாப்பிடுகிறார், சொல்லிவிடுகிறேன். 48 சதவீதம் என்பதை அப்பாவிடம் படித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "நாணயத்தைச் சுண்டிப் பார்த்தாலே அதைவிட நன்றாக இருக்கும்" என்றார்.

பொருநை
நான் சிறுநீரியல் மருத்துவர். உங்கள் தந்தையைப் பார்க்காமல் அவருக்கென்று ஆலோசனை சொல்ல மாட்டேன். பொதுவாகச் சில விஷயங்களைச் சொல்கிறேன்.

தந்தையிடம் சொல்லுங்கள், அந்த 48 சதவீதம் நாணயம் சுண்டுவது போன்றதல்ல. பழைய முறை "புற்று இருக்கிறது" என்று சொன்னால் அது பெரும்பாலும் உண்மை. "இல்லை" என்று சொல்லும்போதுதான் நம்ப முடியாது. எம்.ஆர்.ஐ.யின் இயல்பு நேர்மாறானது. அது சந்தேகப்பட்ட இடங்களில் பல பின்னர் ஒன்றுமில்லை என்று தெரியவரும். அதனால்தான் எம்.ஆர்.ஐ.யை மட்டும் வைத்து யாருக்கும் சிகிச்சை தொடங்குவதில்லை. திசுவை எடுத்துப் பார்த்தே தீர வேண்டும்.

2018இல் வந்த பிரிசிஷன் ஆய்வு 11 நாடுகளில் 500 ஆண்களிடம் நடந்தது. எம்.ஆர்.ஐ. பார்த்துக் குறிவைத்து எடுத்த பிரிவில் 38 சதவீதம் பேரிடம் முக்கியமான புற்று கண்டுபிடிக்கப்பட்டது. பழைய முறையில் 26 சதவீதம். எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிவது வேறோர் எண். உயிருக்கு ஆபத்தில்லாத, கண்டுபிடிக்காமல் விட்டாலும் பாதகமில்லாத சிறு புற்றுகள் பழைய முறையில் 22 சதவீதம் பேரிடம் அகப்பட்டன, புதிய முறையில் 9 சதவீதம் பேரிடம்தான். அந்தச் சிறு புற்றைக் கேட்டுப் பயந்து, தேவையில்லாத அறுவைக்கு வந்து நின்றவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஒரு மனிதருக்குத் தேவையில்லாத நோயின் பெயரைச் சூட்டாமல் இருப்பதும் மருத்துவம்தான்.

இப்போது கட்டணத்துக்கு வருவோம். தெற்குவாசல் சொன்னதில் பாதி எனக்கு உடன்பாடு. எம்.ஆர்.ஐ.யில் தெரிந்த இடத்தை மூன்று விதமாக எட்டலாம். மருத்துவர் படத்தைப் பார்த்து மனத்தில் இருத்திக்கொண்டு அல்ட்ராசவுண்டில் எடுப்பது ஒன்று. மென்பொருள் கொண்டு பொருத்தி எடுப்பது இன்னொன்று. எம்.ஆர்.ஐ. குழாய்க்குள்ளேயே எடுப்பது மூன்றாவது. நெதர்லாந்தில் ஃப்யூச்சர் என்ற ஆய்வில், முதல் பயாப்சியில் ஒன்றும் கிடைக்காத, எம்.ஆர்.ஐ.யில் சந்தேக இடம் உள்ள 234 பேரை இந்த மூன்று முறைகளுக்கும் குலுக்கல் முறையில் பிரித்தார்கள். முடிவு 2019இல் வந்தது. புற்றைக் கண்டுபிடித்த அளவில் மூன்றுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. உங்கள் தந்தையின் நிலைமையும் ஏறக்குறைய அதுவே.

ஆகவே கருவி இல்லாத அந்த இரண்டாவது மருத்துவரை எளிதாக ஒதுக்கிவிடாதீர்கள். அவர் இதுபோல் எத்தனை பேருக்குச் செய்திருக்கிறார், எம்.ஆர்.ஐ.யைத் தானே பார்ப்பாரா, அறிக்கையை மட்டும் படிப்பாரா என்று கேளுங்கள். அறிக்கையை மட்டும் படிப்பவர் என்றால் போகாதீர்கள்.

தெற்குவாசல்
மருத்துவரே இப்படி எழுதியது எனக்கு நிறைவாக இருக்கிறது. அப்படியானால் கருவி தேவையே இல்லை என்றுதானே ஆகிறது?

அளவுகோல்
அந்த முடிவுக்கு நான் போக மாட்டேன். மருத்துவப் படங்களைப் பொருத்தும் மென்பொருளில் ஒன்பது ஆண்டுகள் வேலை செய்திருக்கிறேன். கருவி என்ன செய்கிறது, எங்கே தவறும் என்று தெரிந்தால் இந்த விவாதம் தெளிவாகும் என்று நினைக்கிறேன்.

எம்.ஆர்.ஐ. எடுக்கும்போது உங்கள் அப்பா மல்லாந்து படுத்திருப்பார். ஆசனவாயில் எதுவும் இருக்காது. புராஸ்டேட் தன் இயல்பான வடிவில் இருக்கும். பயாப்சி அன்று கால்களைத் தூக்கி வைத்திருப்பார்கள் அல்லது ஒருக்களித்துப் படுக்க வைத்திருப்பார்கள். உள்ளே ஒரு கருவி அழுத்திக்கொண்டிருக்கும். சுரப்பி நசுங்கும், சற்றுத் திரும்பும். மூத்திரப்பை நிறைந்திருக்கிறதா காலியாக இருக்கிறதா என்பதைப் பொறுத்தும் இடம் மாறும். ஒரு பலூனில் பேனாவால் புள்ளி வைத்துப் படம் எடுத்துவிட்டு, பிறகு அதே பலூனைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, புள்ளி இப்போது எங்கே என்று கேட்பது போன்ற வேலை இது. வித்தியாசம் என்னவென்றால், அழுத்திய பலூனில் புள்ளி கண்ணுக்குத் தெரியாது.

மென்பொருள் செய்வது இதுதான். முன்கூட்டியே ரேடியாலஜிஸ்ட் எம்.ஆர்.ஐ.யில் சுரப்பியின் ஓரத்தையும் சந்தேக இடத்தையும் கோடு போட்டு வரைந்து வைக்கிறார். பயாப்சி மேசையில் மருத்துவர் அல்ட்ராசவுண்ட் கருவியை ஒருமுறை முழுதாகச் சுழற்றி முப்பரிமாணப் படம் எடுக்கிறார். கருவி எந்த நேரத்தில் எங்கே இருக்கிறது என்பதைக் காந்தப்புல உணரியோ இயந்திரக் கையோ பின்தொடர்கிறது. இரண்டு படங்களிலும் சுரப்பியின் ஓரங்களை ஒன்றாக்கி, உள்ளே இருக்கும் இடங்களையும் அதற்கேற்ப நகர்த்துகிறது. வடிவத்தை மாற்றாமல் திருப்பி நகர்த்தி மட்டும் பொருத்துவது ஒரு முறை. ரப்பர்போல் இழுத்து வளைத்துப் பொருத்துவது இன்னொரு முறை. இரண்டாவது கேட்க நன்றாக இருக்கும். ஆனால் ஓரம் தவறாக வரையப்பட்டிருந்தால் அது தவறை மிக நேர்த்தியாகப் பொருத்திக் கொடுக்கும். திரையில் எல்லாம் அழகாக ஒட்டியிருக்கும். எனக்கு எப்போதும் அச்சம் தந்தது அந்த அழகுதான்.

11 மி.மீ. கட்டி என்றால் நடுவிலிருந்து விளிம்புக்கு ஐந்தரை மி.மீ.தான். நான்கைந்து மி.மீ. பிழையே ஊசியை விளிம்புக்குத் தள்ளிவிடும். எனவேதான் குறிவைத்த இடத்தில் ஒரே ஊசியோடு நிறுத்தாமல் மூன்று நான்கு எடுக்கிறார்கள்.

இது புராஸ்டேட்டுக்கு மட்டும் உரிய சிக்கலும் அல்ல. மூளை அறுவையில் முன்பே எடுத்த எம்.ஆர்.ஐ.யை வைத்து வழிகாட்டுகிறார்கள். மண்டையோட்டைத் திறந்து நீர் வடிந்ததும் மூளை தாழ்ந்துவிடும், படம் பழையதாகிவிடும். அதனால் இடையிலேயே அல்ட்ராசவுண்டோ எம்.ஆர்.ஐ.யோ எடுத்துத் திருத்திக்கொள்கிறார்கள். வயிற்றின் பெருந்தமனி வீக்கத்துக்கு உறை பொருத்தும்போது சி.டி. ஸ்கேன் படத்தை நேரடி எக்ஸ்ரே திரைமேல் போர்த்துகிறார்கள். கான்ட்ராஸ்ட் மருந்து குறைவாகச் செலுத்தினால் போதும், சிறுநீரகத்துக்கு நல்லது. ஆனால் விறைப்பான கம்பி உள்ளே போனதும் வளைந்த இரத்தக்குழாய் நிமிர்ந்துவிடும், போர்த்திய படம் விலகி நிற்கும். அனுபவமுள்ளவர் ஒரு சிறு அளவு மருந்து செலுத்தி, குழாயின் கிளை திரையில் காட்டும் இடத்தில்தான் இருக்கிறதா என்று சரிபார்த்துவிட்டே மேலே போவார்.

பொருநை ஐயா சொன்ன ஆய்வை நான் இப்படிப் புரிந்துகொள்கிறேன். தேர்ந்த கைகளில் மூன்று முறைகளும் சமமாக வந்தன. ஆண்டுக்கு மிகச் சிலருக்கே செய்யும் ஒருவரின் மனக்கணக்கும் அதே அளவு சரியாக வரும் என்று அது சொல்லவில்லை. ஊசி எங்கே போனது என்ற பதிவும் கருவியில் இருக்கும். பின்னால் மறுபடி பார்க்க வேண்டியிருந்தால் அந்தப் பதிவு உதவும்.

மருதம்
எனக்கு 71 வயது. இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு இதே பயாப்சி செய்துகொண்டேன். அளவுகோல் எழுதியதை நான் என் கண்ணால் பார்த்தேன்.

இடுப்புக்குக் கீழே மரத்துப்போக ஊசி போட்டிருந்தார்கள். திரை எனக்கும் தெரியும்படி இருந்தது. சாம்பல் நிறப் படத்தின்மேல் பச்சைக் கோட்டில் சுரப்பியும் சிவப்பில் கட்டியும். இரண்டு ஊசி முடிந்ததும் எனக்குப் பலமாக இருமல் வந்துவிட்டது. அதன்பின் பார்த்தால் பச்சைக் கோடு ஒருபக்கம் சுரப்பியை விட்டு வெளியே நிற்கிறது. எனக்கே தெரிந்தது. மருத்துவர் ஊசியைக் கீழே வைத்துவிட்டார். "ஐயா, கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொள்ளுங்கள், முதலில் இருந்து செய்வோம்" என்று சொல்லி மறுபடியும் கருவியைச் சுழற்றி எல்லாவற்றையும் திரும்பப் பொருத்தினார். கூடுதலாகப் பத்து நிமிடம் ஆகியிருக்கும். வெளியே ஆட்கள் காத்திருந்தார்கள், அவர் அவசரப்படவில்லை. அந்தப் பத்து நிமிடத்துக்காக இன்றும் அவருக்கு நன்றி சொல்கிறேன்.

அம்மா, அப்பாவிடம் பயப்பட வேண்டாம் என்று சொல்லுங்கள். வலி தாங்கக்கூடியது. சிறுநீரில் சில நாள் இரத்தம் வரும், விந்தில் சில வாரங்கள் வரை நிறம் மாறியிருக்கும். இதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை, அதனால் சொல்கிறேன். குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல் வந்தால் மட்டும் காலைவரை காத்திருக்கக் கூடாது, உடனே போக வேண்டும்.

வன்னிமரம்
மருதம் ஐயா சொன்ன காய்ச்சல் விடயம் மிக முக்கியம். எந்த வழியாக ஊசி போடப் போகிறார்கள் என்றும் கேளுங்கள். ஆசனவாய்ச் சுவரைத் துளைத்துப் போகும்போது கிருமி உள்ளே போகும் வாய்ப்பு உண்டு. விதைப்பைக்கும் ஆசனவாய்க்கும் இடையில் உள்ள தோல் வழியாகப் போனால் அந்த வாய்ப்புக் குறைவு. ஐரோப்பிய சிறுநீரியல் சங்கத்தின் வழிகாட்டுதல்கள் இந்தத் தோல் வழியையே முதலில் பரிந்துரைக்கின்றன. முன்பகுதிக் கட்டிக்கு ஊசி நேராகப் போய்ச் சேரவும் அந்த வழி வசதியானது.

கதிர்ப்படம்
முதல் பதிவிலேயே எழுதியிருக்க வேண்டிய ஒன்றை மறந்துவிட்டேன். எம்.ஆர்.ஐ. எடுத்த இடத்தில் உங்களிடம் என்ன கொடுத்தார்கள்? பிலிமும் அறிக்கையும் மட்டுமா?

பிலிமில் இருப்பவை தேர்ந்தெடுத்த சில படங்கள். அவற்றை வைத்து எந்த மென்பொருளும் பொருத்த முடியாது. முழுப் படத்தொகுப்பும் டைகாம் (மருத்துவப் படங்களுக்கான கணினிக் கோப்பு) வடிவில் குறுந்தகட்டிலோ பென் டிரைவிலோ வேண்டும். கைப்பேசியில் அனுப்பிய படங்களும் உதவாது. நான் வேலை பார்த்த ஓர் இடத்தில், வெளியூரிலிருந்து ஒரு பெரியவர் ஃபியூஷன் பயாப்சிக்குப் பணம் கட்டி, பட்டினியோடு மேசையில் படுத்துவிட்டார். பையைத் திறந்தால் பிலிம் மட்டும். ஸ்கேன் எடுத்த இடத்தில் பழைய தொகுப்பை அழித்துவிட்டார்களாம். கடைசியில் பிலிமைப் பெட்டி விளக்கில் மாட்டிப் பார்த்து, உத்தேசமாக எடுத்து அனுப்பினார்கள். கட்டணத்தில் ஒரு பகுதியைத் திருப்பித் தரவைக்க அவருடைய மகன் மூன்று முறை வந்து போனார்.

ஸ்கேன் எடுத்த இடத்தில் நாளைக்கே போய்க் கேளுங்கள். 'டி2' படங்கள் 3 மி.மீ. தடிமனில் எடுக்கப்பட்டனவா என்று கேட்டாலே, விஷயம் தெரிந்தவர்கள் வந்திருக்கிறார்கள் என்று கவனமாகத் தருவார்கள்.

காவிரிக்கரை
கதிர்ப்படம் அண்ணா, நீங்கள் சொன்னதைப் படித்துவிட்டுப் பையைப் பார்த்தேன். பிலிம்தான் இருந்தது. இன்று போய் வாங்கிவிட்டேன். முதலில் இல்லை என்றார்கள், பிறகு அரை மணி நேரத்தில் எழுதிக் கொடுத்தார்கள்.

பொருநை ஐயா, இன்னொரு கேள்வி. குறிவைத்து எடுப்பதாக இருந்தால் மறுபடியும் அந்த 12 ஊசிகள் எதற்கு? கருவி உள்ள மருத்துவமனையில் அதையும் சேர்த்துத்தான் எடுப்போம் என்கிறார்கள். அப்பா வேண்டாம் என்கிறார்.

பொருநை
இதில் என் கருத்து சேர்த்து எடுப்பதுதான். அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தில் 2,103 ஆண்களுக்கு இரண்டு வகையும் சேர்த்துச் செய்து 2020இல் வெளியிட்டார்கள். குறிவைத்த ஊசிகளே கடுமையான புற்றுகளில் பெரும்பகுதியைப் பிடித்தன. ஆனாலும் அவற்றோடு நிறுத்தியிருந்தால் அந்தக் கடுமையான புற்றுகளில் 8.8 சதவீதம் உண்மையில் இருப்பதைவிடக் குறைந்த கடுமை உடையவையாகக் கணிக்கப்பட்டிருக்கும். பொருத்துவதில் வரும் பிழையும் எம்.ஆர்.ஐ. காணாத புற்றும் இந்த இடைவெளியில் அடங்கியிருக்கின்றன. முதல் முறை ஒன்றும் அகப்படாத ஒருவருக்கு இந்த முறையும் சந்தேகம் மிச்சம் இருக்கக் கூடாது.

அத்துடன், முடிவு "ஒன்றுமில்லை" என்று வந்தால் அப்படியே வீட்டுக்குப் போய்விடாதீர்கள். பைராட்ஸ் 4 இடத்தில் ஒன்றும் கிடைக்கவில்லை என்றால் கட்டி இல்லை என்றும் இருக்கலாம், ஊசி தவறியது என்றும் இருக்கலாம். ரேடியாலஜிஸ்டும் யூராலஜிஸ்டும் படத்தை மறுபடி ஒன்றாக உட்கார்ந்து பார்க்க வேண்டும். அப்படி உட்காருவார்களா என்று இப்போதே கேட்டுவிடுங்கள். நான் தேர்ந்தெடுப்பதாக இருந்தால் கருவியைவிட அந்த இருவரும் ஒரே கூரையின்கீழ்ப் பேசிக்கொள்ளும் இடத்தைத்தான் தேர்ந்தெடுப்பேன்.

காவிரிக்கரை (மூன்று வாரங்களுக்குப் பிறகு)
முடித்துவிட்டு எழுதுகிறேன்.

கருவி உள்ள இடத்திலேயே செய்தோம். ரேடியாலஜிஸ்டைச் சந்திக்க வேண்டும் என்று கேட்டதும் மறுக்கவில்லை. குறுந்தகட்டைப் போட்டுப் பார்த்து, சந்தேக இடம் முதல் அறிக்கை சொன்னதைவிடச் சற்று இடப்பக்கம் நீண்டிருக்கிறது என்று தானே புதிதாகக் கோடு வரைந்தார். அப்பாவுக்குத் திரையில் காட்டி விளக்கினார். அப்பா, "இது ஆயத்தொலைவு மாற்றம்தானே" என்று கேட்டார், இருவரும் கால் மணி நேரம் அதைப் பற்றியே பேசினார்கள்.

தோல் வழியாகத்தான் எடுத்தார்கள். குறிவைத்து 4, வழக்கமான 12. காய்ச்சல் வரவில்லை. மருதம் ஐயா சொன்னபடியே இரத்தம் நான்கு நாளில் நின்றது.

குறிவைத்த நான்கில் மூன்றில் புற்று. புற்றின் கடுமையைக் குறிக்கும் கிளீசன் எண் 3+4, மொத்தம் 7, அதாவது நடுத்தரக் கடுமை. மற்ற 12 துண்டுகளிலும் எதுவும் இல்லை. அந்த 12ஐ மட்டும் எடுத்திருந்தால் மறுபடியும் சமயபுரம் போயிருப்போம்.

அப்பா தைரியமாக இருக்கிறார். அறுவையா கதிர்வீச்சா என்று அடுத்த வாரம் பேசப் போகிறோம். அதற்குமுன் வேறு இடத்துக்குப் பரவியிருக்கிறதா என்று பார்க்கப் பி.எஸ்.எம்.ஏ. பெட் ஸ்கேனுக்கு எழுதியிருக்கிறார்கள். உங்கள் எல்லோருக்கும் என்ன சொல்வதென்று தெரியவில்லை.

கதிர்ப்படம்
சகோதரி, அந்தக் குறுந்தகட்டை இரண்டு பிரதி எடுத்துப் பத்திரமாக வையுங்கள். ஒன்று வீட்டில், ஒன்று அப்பாவின் கோப்பில். பயாப்சி செய்த இடத்தில் இரத்தம் கசிந்திருக்கும். இன்னும் சில வாரங்களுக்குப் புதிய எம்.ஆர்.ஐ. எடுத்தால் அந்த இரத்தமே குழப்பும். கதிர்வீச்சு என்று முடிவானால் திட்டமிட சி.டி. ஸ்கேன் எடுத்து அதன்மேல் எம்.ஆர்.ஐ.யைப் பொருத்துவார்கள். இம்முறை ஊசி படுவதற்கு முன்பு எடுத்த தெளிவான படம் இது ஒன்றுதான், ஒப்பிட்டுப் பார்க்க அது வேண்டியிருக்கும். பெட் ஸ்கேன் எடுக்கும் இடத்திலும் முழுத் தொகுப்பையும் கேட்டு வாங்குங்கள்.